வேர்ட்பிரஸ் பிளாக் எடிட்டரில் ஒரு தையல் கடைக்குப் பக்கம் கட்டுவது

கோடு எழுதாமல் திரையில் பார்த்தபடியே பக்கம் அமைக்கும் விஷுவல் எடிட்டரில் முதல் முறை பக்கம் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தங்கள் திரையில் தெரிவதுதான் பார்ப்பவர் திரையிலும் தெரியும் என்று நம்பிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் மவுஸால் நகர்த்தி நகர்த்தி நேராக வைத்த படமும் பத்தியும், 360 பிக்சல் அகலமுள்ள போனுக்குப் போனதும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுகின்றன. இடைவெளிக்காகத் தட்டிய என்டர்கள் வெற்றிடமாக நீள்கின்றன. ஒவ்வொரு திரையிலும் பிரவுசர் பக்கத்தைப் புதிதாக அடுக்குகிறது. எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எதற்குப் பிறகு எது என்பதை வைத்துத்தான் அடுக்குகிறது. அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் தோற்றம் பெரும்பாலும் தானே அமையும். தோற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் போனில் எல்லாம் கலைந்துவிடும்.

இது பழைய சிக்கல். 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் பிரவுசரே எடிட்டராகவும் இருந்தது. பிறகு நெட்ஸ்கேப் கம்போசரும் மைக்ரோசாஃப்ட் ஃப்ரன்ட்பேஜும் வந்தன. அந்தக் காலத்தில் பொருளை நேராக நிறுத்த டேபிளுக்குள் டேபிள் போட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் ஜிஃப் படத்தை இழுத்து இடைவெளி உண்டாக்கினார்கள். மானிட்டர்கள் 640, 800 பிக்சல் என்று இரண்டு மூன்று அகலங்களுக்குள் அடங்கியதால் ஒப்பேறியது. இன்று அது ஓடாது.

இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 5.0 பதிப்புடன் 2018 டிசம்பரில் வந்த பிளாக் எடிட்டரைத் தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் பத்தி என்றால் பத்தி பிளாக், தலைப்பு என்றால் தலைப்பு பிளாக். உள்ளே சேமிக்கப்படுவதும் சாதாரண எச்டிஎம்எல்தான், ஒவ்வொரு பிளாக்கைச் சுற்றியும் ஒரு சின்னக் குறிப்பு மட்டும் இருக்கும். பக்கம் கட்டுவதற்கென்றே தனியாக நிறுவும் சில பேஜ் பில்டர்களை நீக்கினால் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஷார்ட்கோடுகள் என்ற கட்டளைக் குறிகள்தான் மிஞ்சும். எழுதியதைப் பிரித்தெடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

பழகுவதற்கு ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க சர்வரில் வாடகை இடம், வாங்க வேண்டாம். வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று தேடினால் பிரவுசருக்குள்ளேயே ஓடும் முழு வேர்ட்பிரஸ் கிடைக்கும். சேமிக்காமல் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு தையல் கடைக்குப் பக்கம் கட்டுவோம். எடிட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். கடையைத் தேடி வருபவர் என்ன கேட்பார்? லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், அளவு ஜாக்கெட் கொண்டுவர வேண்டுமா, புடவைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருவீர்களா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா, எங்கே இருக்கிறது, போன் எண் என்ன. இவற்றைக் கேட்கும் வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போனில் பக்கம் ஒரே நெடுவரிசைதான், ஆகவே தாளில் உள்ள வரிசைதான் போனில் தெரியப்போகும் வரிசை. அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைப்பதற்குச் சமம், இந்தத் தாள் இல்லாமல் எடிட்டரில் உட்கார்வது. "எங்கள் கடைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற மூன்று வரி எங்கே போவது என்று கேட்டால், என் பதில்: எங்கும் வேண்டாம்.

பேஜஸ் போய் புதிய பக்கம் திறந்ததும் மேலே பெரிய எழுத்தில் தலைப்பு கேட்கும். தளத்தின் தோற்றத்தை முடிவு செய்வது தீம்; பெரும்பாலான தீம்களில் இதுதான் எச்1, அதாவது பக்கத்தின் ஒரே முதன்மைத் தலைப்பு. உள்ளே வரும் தலைப்புகள் எச்2-வில் தொடங்க வேண்டும், அதற்கு உட்பிரிவு எச்3. எழுத்தின் அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக எச்4-ஐத் தேர்ந்தெடுப்பது மிகப் பரவலான தவறு. அதைவிடப் பரவலானது, சாதாரணப் பத்தியையே போல்டாக்கிப் பெரிதாக்கித் தலைப்பு போலக் காட்டுவது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பார்வையற்றவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும்போது அந்தப் போலித் தலைப்பில் நிற்க முடியாது, தேடுபொறிக்கும் அது வெறும் தடித்த வரிதான். அளவு பிடிக்கவில்லை என்றால் ஸ்டைல்ஸில் போய் எச்2-வின் அளவை ஒரே இடத்தில் மாற்றுங்கள், தளம் முழுக்க மாறும். சரிபார்க்க இடப்பக்கம் லிஸ்ட் வியூவைத் திறந்து, அதன் பக்கத்திலுள்ள அவுட்லைன் தாவலைச் சொடுக்குங்கள். எல்லாத் தலைப்பும் படிநிலையோடு தெரியும், நிலை தாண்டியிருந்தால் எச்சரிக்கும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று பக்கத்தின் முகவரி. தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே ஸ்லக்கை, அதாவது முகவரியின் கடைசிப் பகுதியை, உண்டாக்கும், அதற்கு 200 குறிகள்தான் எல்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். முகவரியில் சதவீதக் குறிகளோடு எழுதப்படும்போது அது 9 குறியாகிறது. ஆக 22 குறியீடுகளோடு எல்லை முடிந்துவிடும். அதில் ஒற்றுப்புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. "தையல் அளவு எடுக்கும் முறை" என்ற தலைப்பை எடுங்கள். 22 குறியீடுகள் 198, இடையில் மூன்று கோடுகள், மொத்தம் 201. ஒன்று கூடிவிட்டதால் கடைசி ஐகாரக் குறி விழுந்து, முகவரி "முற" என்று முடியும். இன்னும் நீளமான தலைப்பாக இருந்தால் சொற்களே காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பை ஒட்டினால் பல இடங்களில் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலைந்து வரி நீளும். பக்கவாட்டுப் பட்டையில் ஸ்லக்கைச் சொடுக்கி, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கிவிடுங்கள். வெளியிடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பக்கத்தின் ஸ்லக்கைப் பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடையலாம்.

உரையை ஒட்டும்போதும் தமிழுக்கே உரிய ஒரு தடை வரும். டிடிபி சென்டரில் வாங்கிய நோட்டீஸின் ஃபைலில் தமிழ் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். எடிட்டரில் ஒட்டியதும் அது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக மாறும். எடிட்டர் பழுதாகவில்லை. அந்த எழுத்துருக்களில் ஆங்கிலக் குறியீட்டின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்திருக்கிறார்கள், எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிவிட்டு ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும், குறிப்பாக கொம்பும் காலும் சேர்ந்து வரும் ஒகர, ஓகார எழுத்துகளை.

இனி அடுக்குவது. புதிய வரியில் சாய்கோடு தட்டினால் பிளாக் பட்டியல் வரும், கூடவே பிளாக்கின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் போதும். இடைவெளி வேண்டும் என்று என்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள், ஒவ்வொரு தட்டும் ஒரு காலிப் பத்தி பிளாக். ஸ்பேசர் பிளாக்கிலும் இதே ஆபத்து உண்டு. அதன் இயல்பு உயரம் 100 பிக்சல், கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கும் அந்த 100 போனிலும் 100-ஆகவே நிற்கும். இடைவெளியை எப்போதும் பிளாக்குகளைச் சுற்றிய குரூப்பில் வையுங்கள். தொடர்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து குரூப் ஆக்கி, டைமென்ஷன்ஸ் பகுதியில் பேடிங்கும் (உள்விளிம்பு இடைவெளி) பிளாக் ஸ்பேசிங்கும் (பிளாக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) கொடுங்கள்.

காலம்ஸ் பிளாக்தான் அதிகம் பேரைக் குழப்புவது. திரை 782 பிக்சலுக்குக் கீழே போனால் நெடுவரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், இடப்பக்கம் உள்ளது மேலே. முதல் வரிசையில் படம் இடம், எழுத்து வலம். அடுத்த வரிசையில் எழுத்து இடம், படம் வலம் என்று மாற்றி மாற்றி வைப்பது கம்ப்யூட்டரில் அழகு. போனிலோ படம், எழுத்து, எழுத்து, படம் என்று வரும். நடுவில் இரண்டு விளக்கங்கள் ஒட்டிக்கொண்டு, எந்தப் படத்துக்கு எது என்றே தெரியாது. ஆரி வேலை செய்த ஜாக்கெட் படத்துக்கு அடியில் பள்ளிச் சீருடைக்கான விளக்கமும் சேர்ந்து நின்றால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? இதற்கு மீடியா அண்டு டெக்ஸ்ட் பிளாக்கைப் பயன்படுத்துங்கள். அதில் படத்தை வலப்பக்கம் வைத்தாலும், 600 பிக்சலுக்குக் கீழே அடுக்கும்போது படம்தான் முதலில் வரும், எழுத்து அதன் கீழே. கோணல்மாணல் அழகும் கெடாது, போனில் வரிசையும் கெடாது.

விலைப்பட்டியலுக்கு டேபிள் பிளாக் சரியான இடம். ஆனால் மூன்று நெடுவரிசைக்கு மேல் போக வேண்டாம். வேலை, கூலி, எத்தனை நாள் என்பதோடு நிறுத்துங்கள். செட்டிங்ஸில் கட்டங்களின் அகலத்தை நிலையாக வைக்கும் ஒரு விசை உண்டு. அது ஆனில் இருந்தால் எல்லா நெடுவரிசைக்கும் ஒரே அகலம். "அனார்கலி சுடிதார்" இருக்கும் கட்டமும் "3" மட்டும் இருக்கும் கட்டமும் சம அகலம் என்றால், தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு 360 பிக்சல் திரையில் இடம் போதாது. அணைத்துவிட்டால் உள்ளடக்கத்துக்கு ஏற்ப அகலம் பிரியும். விலைப்பட்டியலை போட்டோ எடுத்துப் போடுவது வேண்டவே வேண்டாம். 1200 பிக்சல் அகல நோட்டீஸ் 360-க்குச் சுருங்கும்போது அதிலுள்ள 30 பிக்சல் எழுத்து 9 பிக்சலாகிவிடும். யாரும் படிக்க முடியாது, தேடுபொறியும் படிக்காது, விலை மாறினால் திருத்தவும் முடியாது.

படங்களைப் பொறுத்தவரை, போனில் எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றினாலும் வேர்ட்பிரஸ் ஓரளவு சமாளிக்கும். 2560 பிக்சலுக்கு மேல் இருந்தால் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்கிறது. அதோடு 150, 300, 768, 1024, 1536, 2048 என்று சின்னப் பிரதிகளும் செய்துவைக்கிறது, பிரவுசர் திரைக்குத் தக்கதை எடுத்துக்கொள்ளும். பிஎன்ஜி படத்துக்கு அந்த 2560 குறைப்பு கிடையாது. ஆகவே போட்டோக்களை ஜேபெக்காகவே ஏற்றுங்கள். "அதிகபட்ச அளவைத் தாண்டிவிட்டது" என்று படம் ஏற மறுத்தால் அது சர்வரின் கட்டுப்பாடு. பிஎச்பியின் இயல்பு எல்லை வெறும் 2 எம்பிதான், ஹோஸ்டிங் பேனலில் கூட்டலாம். ஆனால் எல்லையைக் கூட்டுவதைவிடப் படத்தை 2000 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றுவதே நல்லது. படத்தைப் பார்க்க முடியாதவருக்கு ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் மாற்று உரைப் பெட்டியில் படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்: "பச்சை பட்டு ஜாக்கெட்டின் கையில் மயில் ஆரி வேலை". "படம் 1" என்று எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

தமிழ் எழுத்துருவைத் தீமின் பொறுப்பில் விடாதீர்கள். தீமோடு வரும் எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே கிடையாது. அப்போது விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று கருவிக்குக் கருவி வேறு எழுத்தில் தெரியும், வரி உடைவதும் மாறும். வேர்ட்பிரஸ் 6.5, 2024 ஏப்ரலில் வந்தது, அதிலிருந்து எழுத்துரு நூலகம் உள்ளேயே இருக்கிறது. பிளாக் தீம் ஒன்றைப் போட்டிருந்தால் அப்பியரன்ஸ், எடிட்டர், ஸ்டைல்ஸ், டைபோகிராஃபி வழியாகப் போய், கூகுள் ஃபான்ட்ஸுக்கு அனுமதி கொடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவற்றில் ஒன்றை நிறுவுங்கள். 400, 700 என்ற இரண்டு தடிமனும் வேண்டும். 700 இல்லாமல் போல்ட் கொடுத்தால் பிரவுசர் தானே எழுத்தைத் தடிக்கவைக்கும், ண, னை, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நாலைந்து தடிமன்களை அள்ளிப் போட்டால் பக்கம் திறக்கத் தாமதமாகும். வரி உயரம் 1.7 அளவில் வையுங்கள். மேல்வரியின் ஊகாரக் கீழ்க்கோடும் கீழ்வரியின் ஈகார வளைவும் முட்டாமல் இருக்க அது வேண்டும். ஆங்கிலத்துக்கு அமைத்த 1.4 நமக்குப் போதாது. எழுத்து இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்திருந்தால் பூஜ்யமாக்குங்கள். சாய்வெழுத்தையும் தவிர்க்கலாம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்ந்த வடிவம் இல்லாததால் பிரவுசர் நேரெழுத்தையே தள்ளிச் சாய்க்கும், படிக்கக் கஷ்டம்.

நிறத்தில் ஒரு விதி போதும்: எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு. இளஞ்சிவப்பில் வெள்ளை எழுத்து வைத்தால் எடிட்டரே படிக்கச் சிரமம் என்று மஞ்சள் பட்டையில் சொல்லும். கேளுங்கள்.

அழைப்பதற்கான பட்டனில் வெறும் எண்ணை எழுதி விட்டுவிடாதீர்கள். லிங்க் பெட்டியில் டெல் என்ற மூன்று ஆங்கில எழுத்து, முக்காற்புள்ளி, பிறகு +91 உடன் எண்ணை இடைவெளி இல்லாமல் கொடுத்தால் தொட்டதும் போன் டயல் ஆகும். வாட்ஸ்அப்புக்கு wa.me என்ற அதன் சுருக்க முகவரியும் சாய்கோடும் போட்டு 91-ல் தொடங்கும் எண். அங்கே பிளஸ் குறியும் முன் பூஜ்யமும் கூடாது. கூகுள் மேப்பைப் பதிக்கும்போது அது தரும் கோடில் அகலம் 600 என்று இருக்கும். அப்படியே கஸ்டம் எச்டிஎம்எல் பிளாக்கில் ஒட்டினால் போனில் வலப்பக்கம் பிதுங்கும் வாய்ப்பு உண்டு. 600-ஐ 100% என்று மாற்றுங்கள். வேர்ட்பிரஸில் ஆதர் என்ற குறைந்த அனுமதியுள்ள கணக்கில் நுழைந்தவர் இதைச் செய்தால் சேமித்ததும் மேப் காணாமல் போகும், வெளித்தளத்தைப் பக்கத்துக்குள் காட்டும் ஐஃப்ரேம் கோடுக்கு அவருக்கு அனுமதி கிடையாது. உண்மையில் பல கடைகளுக்கு மேப்பைப் பதிப்பதே தேவையில்லை, "வழி பார்க்க" என்ற ஒரு பட்டன் அதைவிட வேகம்.

கடை நேரமும் போன் எண்ணும் பல பக்கங்களில் வரும் என்பதால் அவற்றை ஒரு குரூப்பாக்கி, பேட்டர்னாக (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பிளாக் தொகுப்பாக) உருவாக்கும்போது சிங்க்டு என்பதை ஆனில் வையுங்கள். தீபாவளி நேரத்தில் இரவு பத்து வரை கடை என்றால் ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறும். சிங்க் இல்லாத பேட்டர்ன் வெறும் நகல்தான், மாற்றம் பரவாது.

வேலைக்கு நடுவே இரண்டு பிழைகள் கட்டாயம் எதிர்ப்படும். ஒன்று, பிளாக்கில் எதிர்பாராத உள்ளடக்கம் இருக்கிறது என்ற செய்தி. பிளாக்கை எச்டிஎம்எல்லாகத் திறந்து கையால் திருத்தும்போது, சுற்றியுள்ள குறிப்பில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் இது வரும். மீட்கும் பட்டனைத் தட்டினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் நீங்கள் கையால் சேர்த்தது போய்விடலாம். மற்றொன்று, சர்வரிடமிருந்து சரியான ஜேசான் (தரவு வடிவம்) பதில் வரவில்லை என்று சேமிக்க மறுப்பது. எடிட்டர், சர்வரோடு பேசும் ரெஸ்ட் ஏபிஐ என்ற வழியாகச் சேமிக்கிறது, அந்த வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். முதலில் எழுதியதையெல்லாம் நகலெடுத்து வேறொரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸ், பெர்மாலிங்க்ஸ் போய் எதையும் மாற்றாமல் சேமியுங்கள். தீராவிட்டால் செட்டிங்ஸின் ஜெனரல் பகுதியில் உள்ள இரண்டு தள முகவரிகளும் எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அதற்கும் தீராவிட்டால் பாதுகாப்புக்காகத் தனியாக நிறுவிய செக்யூரிட்டி பிளகினை அணைத்துச் சோதியுங்கள்.

வெளியிட்டபின் எடிட்டரின் மொபைல் முன்தோற்றத்தோடு நின்றுவிடாதீர்கள், அது அகலத்தை மட்டும்தான் சுருக்கிக் காட்டும். லாகின் செய்யாத ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில், வைஃபை அணைத்துத் திறந்து பாருங்கள். பட்டனைக் கட்டைவிரலால் தொட்டு அழைப்பு போகிறதா பாருங்கள். செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போய் முகப்பை நிலையான பக்கமாக மாற்றி நீங்கள் கட்டியதைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் கீழே தேடுபொறிகளைத் தடுக்கும் டிக் ஒன்று இருக்கும். கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்த தளங்கள் மாதக்கணக்கில் கூகுளில் வராமல் கிடக்கின்றன.

டூல்ஸ் பகுதியிலுள்ள எக்ஸ்போர்ட் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலைத் தரும். அதில் எழுத்தும் படங்களின் முகவரிகளும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. பழைய தளம் உயிரோடு இருக்கும்வரைதான் புதிய இடத்தில் இம்போர்ட் செய்யும்போது அந்தப் படங்கள் இறங்கும். ஆகவே ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் அப்லோட்ஸ் ஃபோல்டரையும் ஜிப் செய்து தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.